ஸ்பாட்டில் ஆயில் கலர்: கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பிப்ரவரி மாதம், காலை ஆறே முக்கால். ஏரிக்கரைமேல் நின்று வடக்கே பார்க்கிறேன். எதிரே ஒரு கரடு, அதாவது மொட்டைப் பாறைக் குன்று. வெயில் வலக்கைப் பக்கமிருந்து பாறைமேல் விழுகிறது. கருங்கல் பாறைதான், ஆனால் அந்த நேரத்தில் அதில் கருப்பைத் தேடினாலும் கிடைக்காது. வெயில் படும் பக்கம் சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்த செங்கல் நிறம். நிழல் பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் கொஞ்சம் நீலம் கலந்தாற்போல. ஏழேகாலுக்குச் செங்கல் நிறம் வெளுக்க ஆரம்பிக்கும். எட்டு மணிக்கு அது வெறும் பாறை.

போனில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெயில் பக்கம் ஆரஞ்சாகி, நிழல் பக்கம் கரியாகி வரும். கண் பார்த்த கத்தரிப்பூ நிறம் அதில் இருக்காது. அதைப் பிடித்துவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆறுக்கு எட்டு அங்குலப் பலகையும் ஐந்தாறு டியூப் ஆயில் கலரும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் நிற்பதுதான். இதை ஸ்டடி என்போம். அந்த வேளையின் வெளிச்சத்தைப் பற்றி நிறத்தால் எழுதிவைக்கும் குறிப்பு. வரவேற்பறையில் மாட்டும் பெரிய கான்வாஸ் பிறகு இந்தக் குறிப்புகளிலிருந்து பிறக்கும்.

நான் காவேரிப்பட்டினத்துக்காரன். கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஃபிளக்ஸ் வந்ததும் அந்த வேலை தேய்ந்தது. அப்போதுதான் ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் கலர் டியூபுகளைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினேன். பதினெட்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம்

புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் ஒகேனக்கல் போகத்தான் ஆசை. முதல் வருடம் அதைத் தொடாதீர்கள். விழுகிற தண்ணீர் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், கூட்டம் நெருக்கும், சாரல் பலகைமேல் தெறிக்கும். போய்வரவே பாதிநாள் போய்விடும். பெரிய இடம் என்பதாலேயே ஒரு பதற்றமும் வரும்.

வீட்டிலிருந்து வண்டியில் பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கரடு, ஒரு ஏரிக்கரை, நாலு புளியமரம், ஒரு மாந்தோப்பு ஓரம், எதுவாக இருந்தாலும் சரி. ஒரு வருடம் அங்கேயே போங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். இடம் பழகிவிட்டால் எதை வரைவது என்ற குழப்பம் போய்விடும். மிச்சம் இருப்பது வெளிச்சம் மட்டும்தான். ஜனவரியில் அடிவாரத்தில் பனி நிற்கும், மாமரத்தில் பூ வைத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் புழுதி ஏறித் தூரத்து மலைகள் ஒன்றோடொன்று கரைந்துபோகும். ஜூனுக்குமேல் மேற்குக் காற்று ஸ்டாண்டைத் தள்ளும். மேகத்தின் நிழல் கரட்டின்மேல் ஓடும். ஐப்பசி மழைக்கு அப்புறம் கழுவிவிட்டாற்போலத் தூரம் தெளியும். ஒரே இடத்தில் இத்தனை படமும் இருக்கிறது.

இந்த மண்ணைப் படமாக வரைந்தவர்கள் நமக்கு முன்னாலும் உண்டு. 1792இல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பாராமகால் (நம் பகுதியின் அன்றைய பெயர்) வழியாக வந்தார்கள். திப்புவுடனான போர் முடிந்து இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போன வருடம் அது. ராயக்கோட்டை, ஜெகதேவி, ஓசூர் என்று நம் பக்கத்து இடங்களை வரைந்துகொண்டு போய், பிறகு இங்கிலாந்தில் அவற்றை அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். ராயக்கோட்டைப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவரின் நினைவு வரும். அவர்கள் கையில் டியூப் கலர் இருந்திருக்காது. தகரத்தில் பிதுக்கும் டியூபை ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல்தான் கண்டுபிடித்தார். அதுவரை ஆயில் கலரைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, குத்திப் பிதுக்குவார்கள். நாம் கலர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடப்பது அந்தத் தகரக் குழாயால் வந்த வசதி.

சாமான்கள்

கலர் ஆறு போதும். டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ. கேம்லின் கலரே தொடங்குவதற்குத் தாராளம். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், மற்ற எல்லாம் சேர்ந்து தீருவதற்குள் அது ஒன்று தீர்ந்துவிடும். கருப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கருப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதில் நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு, சியன்னா கூடினால் சூடான இருட்டு. அதிலேயே வெள்ளை சேர்த்தால் நம் கருங்கல்லின் அத்தனை சாம்பலும் கிடைக்கும்.

டியூப் பச்சையும் வேண்டாம். இந்தப் பக்கத்துப் பச்சைகளை நீங்களேதான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா மரமும் பிளாஸ்டிக் செடியாகிவிடும். பழைய மாவிலைக்கு அல்ட்ராமரைன், ஆக்கர், அதில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா. வெயில் படும் இலைக்கு லெமன் எல்லோ. மாமரக் கொழுந்து பச்சையே இல்லை, உற்றுப் பாருங்கள்: செம்பு நிறம். கிரிம்சனும் சியன்னாவும் கொஞ்சம் வெள்ளையும் போட்டால் வரும். தோப்பு முழுக்கத் துளிர்விட்டிருக்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைமேல் துரு படிந்தாற்போல இருக்கும். புளியமரம் மாமரத்தைவிட மங்கல், சாம்பல் கலந்த பச்சை. இளம் ராகிப் பயிருக்கு லெமன் எல்லோவில் நீலம் ஊசிமுனை அளவு போதும்.

பிரஷ் மூன்று: ஹாக் ஹேர் ஃபிளாட்டில் (பன்றி முடியில் செய்த தட்டை பிரஷ்) 8, 4 நம்பர், அப்புறம் கோடுபோட ஒரு சின்ன ரவுண்டு. சின்னப் பலகை என்பதால் சின்ன பிரஷாக வாங்கிவிடுவார்கள். அது இலை இலையாக எண்ணவைத்துவிடும். கலர் கலக்க மழுங்கல் கத்தி ஒன்று, பேலட் நைஃப் என்பார்கள். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஒரு சின்ன பாட்டில், கலரை நீர்க்கக் கரைக்க டர்பன்டைன் கொஞ்சம், இறுக்க மூடும் எவர்சில்வர் டப்பாவில். பழைய பனியன் துணி நிறைய. கருப்புக் குடை ஒன்று. கலர்க் குடை பிடித்தால் அதன் சாயம் பலகைமேல் இறங்கி, எல்லா நிறமும் தவறாகத் தெரியும். வெள்ளைச் சட்டையும் அப்படித்தான், ஈரக் கலர்மேல் பளபளப்பாகத் தெறிக்கும். மங்கலான நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தெரிந்த ஆசாரியிடம் மூடி திறந்து நிற்கும் மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். கீழ்த்தட்டு பேலட் (கலர் கலக்கும் தட்டு), மூடியின் உள்பக்கம் பலகையைத் தாங்க இரண்டு சட்டம். அடியில் ஒரு நட்டுப் பதித்துவிட்டால் கேமரா ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளலாம். என்னுடையது வாசக்கால் செய்து மிஞ்சிய தேக்குத் துண்டில் செய்தது. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லின் முன்பக்கத்தில் அடங்கும் அளவு. ஈரப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவர, இரண்டு பலகையை முகத்தோடு முகம் வைத்து, நாலு மூலையிலும் தீக்குச்சித் துண்டு கொடுத்து, ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் கலர் ஒட்டாது.

பலகை

பிளைவுட் கடையில் மூன்று மில்லி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்குங்கள். எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் ஆறுக்கு எட்டு அங்குலம் கணக்குப்படி 96 துண்டு வரும். ரம்பம் தின்பது போகக் கடைசி வரிசை கொஞ்சம் ஒடுங்கும், அதைக் கலர் சோதிக்க வைத்துக்கொள்ளலாம். அரை ஷீட் வாங்கினாலே ஒரு வருடத்துக்குப் பலகைக் கவலை இல்லை. இத்தனை பலகை அடுக்கியிருந்தால் ஒன்று கெட்டுப்போகுமே என்ற பயமும் போகும். அந்தப் பயம் போனால்தான் கை ஓடும்.

உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அப்புறம் கலருக்குப் பிடிமானம் தரும் வெள்ளை அடிப்பூச்சு, ஆக்ரிலிக் ஜெஸ்ஸோ, இரண்டு மூன்று கோட், ஒன்று காய்ந்து லேசாகத் தேய்த்தபின் அடுத்தது. ஓரங்களையும் விடாமல் பூசுங்கள், ஈரம் ஓரத்தில்தான் ஏறும். போர்டு எழுதிய பழக்கத்தில் நான் ஆரம்பத்தில் வெள்ளை எனாமல் அடித்து அதன்மேல் ஆயில் கலர் போட்டேன். எனாமல் வழவழப்பு, கலருக்குப் பிடிமானம் கிடைக்காது. இரண்டு வருடத்தில் ஒரு நல்ல படத்தின் வானம் செதில் செதிலாக உரிந்துவந்தது. அது ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் போட்ட படம். அந்தத் தோட்டம் இப்போது வீட்டுமனை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

காய்ந்த பலகைமேல் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகை வெளியில் கண்ணைக் கூசும். இந்த மண்நிறம் அடியில் இருந்தால் நிறங்களை எடைபோட வசதி. பிரஷ் தொடாத இடத்தில் அது எட்டிப்பார்த்தாலும் நம் செம்மண் மாதிரியே இருக்கும்.

ஒரு காலை, ஐம்பது நிமிடம்

பியேர் ஆன்ரி தெ வலான்சியென் என்ற பிரெஞ்சு ஓவியர் 1800இல் மாணவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிவைத்தார்: வெளியில் செய்யும் ஸ்டடி இரண்டு மணி நேரத்துக்குமேல் போகக் கூடாது, சூரியன் எழும்போதும் விழும்போதும் என்றால் அரைமணி நேரம்தான். நம் ஊரில் அந்த இரண்டு மணி நேரத்தை ஐம்பது நிமிடமாக இறுக்க வேண்டும் என்பது என் அனுபவம். இங்கே சூரியன் அதிகம் சாயாமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், அப்படியே இறங்கும். நல்ல வெளிச்சம் சீக்கிரம் தீர்ந்துவிடும். உச்சிவெயிலில் உட்காராதீர்கள். ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலேயே வந்துவிடும். மரத்தின் நிழல் மரத்துக்கடியிலேயே சுருண்டுகிடக்கும், கரட்டுக்குப் புடைப்பே தெரியாது. காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை நாலரைக்குமேல், இவைதான் நம் நேரம்.

வடக்கையோ தெற்கையோ பார்த்து நில்லுங்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று மலை எழுந்து நிற்கும். பேலட்டும் பலகையும் இரண்டும் நிழலில் இருக்க வேண்டும். பலகைமேல் நேர்வெயில் பட்டால் நிறம் எல்லாம் பிரகாசமாகத் தெரிகிறதே என்று கண் ஏமாந்து இருட்டாகக் கலக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

முதல் ஐந்து நிமிடம் பிரஷைத் தொட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்றுக்கு நாலு அங்குலம் ஜன்னல் வெட்டிவைத்துக்கொள்ளுங்கள், பலகையின் அதே விகிதம். அதை முன்னும் பின்னும் நகர்த்தி எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்யுங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடுங்கள். இலையும் கல்லும் மறைந்து நாலைந்து திட்டுகள்தான் தெரியும்: வானம், வெயில் பாறை, நிழல் பாறை, தோப்பு, தண்ணீர். படம் இவ்வளவுதான். சின்ன ரவுண்டு பிரஷால், நீர்க்கக் கரைத்த சியன்னாவில் அந்தத் திட்டுகளின் எல்லையை மட்டும் ஐந்தாறு கோட்டில் போடுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்பதையும் அப்போதே கோடு போட்டு முடித்துவிட வேண்டும். முதல் வருடம் நான் நிழல் நகர நகர அதன் பின்னாலேயே ஓடினேன். படம் முடிந்தபோது கரட்டின் இரண்டு பக்கமும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு ஐம்பதுக்கு நிழல் எங்கே இருந்ததோ, ஏழே முக்காலுக்கும் படத்தில் அது அங்கேயே இருக்கட்டும்.

இப்போது கலர். பேலட்டில் வெள்ளை ஒரு நெல்லிக்காய் அளவு, மற்றதெல்லாம் சுண்டைக்காய் அளவு. பலகைமேல் வைப்பதற்கு முன்னால் ஐந்து திட்டுக்கும் ஐந்து குவியல் நைஃபால் கலந்துகொள்ளுங்கள். இந்த வேலையில் அவசரப்படவே கூடாது, பாதி நேரம் இதற்கே போனாலும் கவலை இல்லை. உதாரணத்துக்கு அந்தப் பாறையை எடுத்துக்கொள்வோம். வெள்ளையில் பர்ன்ட் சியன்னாவும் ஆக்கரும் சேர்க்கிறேன். ஓடு மாதிரிப் பளிச்சென்று வருகிறது. நைஃப் நுனியில் அந்தக் கலரை எடுத்து, கையை நீட்டி, பாறைக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்க்கிறேன். என்னுடையது ரொம்பச் சிவப்பு. அல்ட்ராமரைன் கடுகளவு. மறுபடி பிடிக்கிறேன். இப்போது சரியாக வருகிறது, ஆனால் ஒரு படி இருட்டு. வெள்ளை. மூன்றாவது முறை நைஃபின் ஓரம் எங்கே, பாறை எங்கே என்று தெரியாமல் ஒன்றில் ஒன்று அமுங்கிவிடும். கலர் கிடைத்துவிட்டது. நிழல் பக்கத்துக்கு அதே குவியலில் கொஞ்சத்தைத் தனியே இழுத்து, அல்ட்ராமரைனும் கிரிம்சனும் சேர்க்கிறேன். இரண்டும் ஒரே தாய்க் குவியலிலிருந்து வந்ததால் ஒரே பாறையின் இரண்டு பக்கம் என்று கண் ஒத்துக்கொள்ளும்.

பொதுவாக வானம் மிக வெளிச்சம், அடுத்து தரை, அடுத்து சரிவு, செங்குத்தாக நிற்கும் மரம்தான் மிக இருட்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். மரத்துக்கு அது எப்போதும் சரிதான். நம் மொட்டைப் பாறைக் கரட்டுக்கு அதை நம்பாதீர்கள். காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் பாறையை நேராகக் குத்தும்போது, சில நாள் பாறை தரையைவிடப் பிரகாசமாக இருக்கும். அங்கே விதியை விட்டுக் கண்ணை நம்புங்கள்.

இருட்டிலிருந்து தொடங்கி, திட்டுத்திட்டாக 8ஆம் நம்பர் பிரஷால் அப்புங்கள். முதல் பூச்சில் மட்டும் கொஞ்சம் டர்பன்டைன், அதற்குமேல் வரும் பூச்சில் எண்ணெய் கூடலாம். அடியில் எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் பின்னால் வெடிப்பு விடும். மலையின் அடிவாரத்தை உச்சியைவிட ஒரு படி வெளிறவைக்க மறக்காதீர்கள். காலைப் பனியும் புழுதியும் கீழேதான் படியும். நான் சரிபார்க்கிற படங்களில் பாதிக்குமேல் தவறுவது இங்கேதான். அடிவாரத்தைக் கெட்டியான இருட்டில் போட்டுவிட்டால் மலை தூரத்தில் நிற்காமல் தோப்புக்குள் வந்து விழுந்துவிடும். தண்ணீரில் தெரியும் நிழலுருவில், இருண்ட பொருள் கொஞ்சம் வெளிறியும் வெளிச்சமான பொருள் கொஞ்சம் மங்கியும் இருக்கும். வானத்தை அப்படியே தண்ணீரில் நகல் எடுத்தால் ஏரி கண்ணாடியாகிவிடும்.

கடைசிப் பத்து நிமிடம் ஓரங்களுக்கு. எல்லா ஓரத்தையும் கத்திபோல் வெட்டிவிடாதீர்கள். தோப்பும் அடிவாரமும் சேரும் இடத்தை விரலால் லேசாகத் தேய்த்துக் கரைத்துவிடலாம். பாறை உச்சியும் வானமும் சந்திக்கும் ஓரிடம் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். ஒற்றைப் பனைமரம் இருந்தால் அதையும் இப்போது இரண்டு தட்டில் வைத்துவிடுங்கள். பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டிய நேரம், எதிரே இருப்பதைப் பார்க்காமல் பலகையை மட்டும் பார்த்துக் கலர் வைக்கத் தொடங்கும் நேரம்தான்.

மனிதர்கள், விலங்குகள், அனுமதி

மூன்று கால் ஸ்டாண்டு வைத்து நின்றாலே நம் பக்கம் சர்வே என்றுதான் நினைப்பார்கள். "ரோட்டுக்கு அளக்க வந்தீங்களாண்ணா?" என்று கேட்கும் குரலில் ஒரு பயம் இருக்கும். நிலம் போய்விடுமோ என்ற பயம், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடனே பெட்டியைத் திருப்பிப் படத்தைக் காட்டிவிடுங்கள். தோட்டத்துக்குள் கால்வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ நாலு வார்த்தை தெரிந்திருந்தால் சுலபம்.

ஒருமுறை ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் வெகுநேரம் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா, அந்தப் புளியமரத்த ஏன் விட்டுட்ட?"

"அது ஓரமா இருக்குது ஆயா, பலகைல எடம் பத்தல."

"எங்க மாமியா வெச்ச மரம்ப்பா அது. அது இல்லாம இந்தக் கரை என்னா கரை?"

மறுநாள் பெட்டியை நாலடி தள்ளி வைத்து, மரத்தோடு சேர்த்துப் போட்டேன். படம் முன்னதைவிட நன்றாக வந்தது. இடப்பக்கம் அந்த இருட்டு இல்லாமல்தான் முந்தின படம் சரிந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அணைக்கட்டுமேல் ஸ்டாண்டு போடுவதற்கு முன் அங்கே பணியில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் ராகி கதிர் முற்றும் மாதங்களில் யானைகள் வயலுக்கு இறங்கும். அந்த நாட்களில் விடிவதற்குமுன் போகவே வேண்டாம். ஊர்க்காரர்கள் நடமாடத் தொடங்கியபின் அவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். என் வகுப்புப் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் போவார்கள். பையன்களுக்கும் அதையே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தபின்

பிரஷை முதலில் துணியால் துடைத்து, கடலை எண்ணெயில் அலசி, மறுபடி துடைத்து, பிறகு துணி சோப்புப் போட்டு நுரை வெள்ளையாகும்வரை கழுவுங்கள். கடலை எண்ணெய் காயாது, அதனால் பிரஷில் மிச்சம் இருந்தால் அடுத்த படமும் காயாது. சோப்பு அதற்குத்தான். கலங்கிய டர்பன்டைனைக் கால்வாயில் கொட்டாதீர்கள். மூடிவைத்தால் இரண்டு நாளில் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இதைக் கவனமாகப் படியுங்கள். லின்சீட் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஏப்ரல், மே மாதத்தில் நம் தகரக் கூரைக்கடியில் சொல்லவே வேண்டாம். துணியை வெளியில் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள்.

பலகையை வெளிச்சம் உள்ள அறையில், தூசி படாமல் நிறுத்திவையுங்கள். இருட்டுப் பீரோவில் வைத்தால் எண்ணெய் மஞ்சளடிக்கும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆனால் உள்ளே முழுக்கக் காய மாதங்கள் ஆகும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். நான் ஒருமுறை பொறுக்காமல் ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்துவிட்டேன். காய்ந்துவிட்டதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்ணாடியைப் படத்தோடு ஒட்டவைத்து அடித்துவிட்டார். ஆடி மாதம் கழற்றிப் பார்த்தபோது கரட்டின் பாதி கண்ணாடியோடு வந்தது. ஆயில் படத்துக்குக் கண்ணாடியே தேவையில்லை என்று இப்போது எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

பிழைப்பு

ஸ்டடியை மட்டும் விற்று வீடு நடத்தலாம் என்று யாரிடமும் நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடச் சுவர், கோயில் வண்ணப்பூச்சு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, இவற்றோடுதான் என் வண்டி ஓடுகிறது. ஆனால் பெரிய படம் கேட்டு வருகிறவர்கள் இந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஓசூரில் குடியேறியவர்கள், தன் ஊர் ஏரி வேண்டும், தாத்தா தோப்பு வேண்டும் என்று வருவார்கள். அப்போது அந்த இடத்துக்கே போய் மூன்று நாலு ஸ்டடி போட்டுவந்து, அதிலிருந்து பெரியதைச் செய்வேன். கனடாவின் ஓவியர் டாம் தாம்சன் காட்டுக்குள் படகில் போய், ஏறத்தாழ எட்டரைக்குப் பத்தரை அங்குலப் பலகைகளில் போட்டுவந்து, குளிர்காலத்தில் அவற்றில் சிலவற்றைப் பெரிய கான்வாஸாக்கினார். வழி அதேதான்.

விலையைச் சதுர அங்குலக் கணக்கில் ஒருமுறை முடிவுசெய்துவிட்டு எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள். சொந்தக்காரருக்கு ஒன்று, வெளியூர்க்காரருக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் பெயர் கெட்டுவிடும். ஓசூரிலிருந்து பெங்களூர் கைக்கெட்டும் தூரம். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் குமார க்ருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தே என்ற ஒருநாள் ஓவியச் சந்தைக்கு முதல் வருடம் சும்மா பார்வையாளராகப் போய்வாருங்கள். எந்த அளவுப் படம் கைமாறுகிறது, ஃபிரேம் எப்படிப் போடுகிறார்கள் என்று நின்று பார்ப்பதே ஒரு வகுப்பு. மிக நன்றாக வந்த ஸ்டடிகளில் பத்தில் இரண்டையாவது விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படம் செய்யும்போது அவை கையில் இல்லாவிட்டால் மறுபடி அந்தக் காலை கிடைக்காது.

பலகையின் முதுகு

ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1821, 1822இல் லண்டன் பக்கம் ஹாம்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டும் ஆயிலில் ஸ்டடி செய்தார். பலவற்றின் பின்பக்கம் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம் என்று எழுதிவைத்தார். அதைப் படித்த நாளிலிருந்து நானும் எழுதுகிறேன். ஈரம் காய்வதற்கு முன், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், கரையில் நின்றபடியே பென்சிலால் எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துவிடும். நிறம் எங்கே தப்பியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பலகை ஒன்றின் முதுகில் இப்படி இருக்கிறது:

"பிப்ரவரி 11. காலை 6.50 – 7.40. ஏரியின் தென்கரை, வடக்கே பார்த்து. காற்று கிழக்கிலிருந்து லேசாக. பனி 7.15க்கு விலகியது. நிழல் பாறையில் கிரிம்சன் கூடிவிட்டது. அடிவாரம் இன்னும் ஒரு படி வெளிற வேண்டும்."

அதற்கடுத்த பலகையில், பிப்ரவரி 12: "அடிவாரத்தை முதலில் கலந்தேன். மலை பின்னால் போய் நின்றது. தண்ணீர் தப்பு."